பரோசா திராட்சைத் தோட்டத்தில் உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்



போன வாரம் நான் போட்ட போட்டோவுக்கு வந்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. மரப் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு கொட்டகைக்குள் சுங்குடிச் சேலையோடு நான் நிற்கிற படம் அது. "டீச்சர், நீங்களுமா?" என்று 94 பேட்ச் பையன் ஒருவன் கேட்டிருந்தான். "என்ன மதினி, ஊரு மாறுனதும் ஆளும் மாறிட்டீங்களா?" என்று கொழுந்தனார் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் என் மாணவன் மட்டும் விவசாயியாகக் கேட்டிருந்தான்: "டீச்சர், அங்க பந்தல் எத்தனை அடி ஒசரம்? கவாத்து எப்பப் பண்றாங்க?"

எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பழைய நினைப்பில் ஒரு பீரியடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று அடிலெய்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவரின் அப்பா, பரோசா பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயி. எழுபது வயதைத் தாண்டியவர். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம். பிப்ரவரி கடைசியிலிருந்து மூன்று முறை போய்வந்துவிட்டேன். நொதித்தல் பாடத்தை முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் நடத்தியவள் நான். அதை ஆளுயரத் தொட்டியில் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தால் விட மனசு வருமா?

தோட்ட வாசலிலேயே முதல் பாடம். குளோரின் வாடை அடிக்கும் கரைசலில் செருப்பை முக்கிவிட்டு உள்ளே வரச் சொன்னார். நாம் கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது போல இவர்களுக்கு இது கட்டாயம். காரணம் ஃபைலாக்சரா என்ற ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இருக்கும். வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, கொடியையே சாகடித்துவிடும். 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்று உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சை இப்படி ஒட்டுக்கட்டியதுதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி இன்றுவரை வரவில்லை. அதனால் இங்கே பழைய கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. சைலீசியாவிலிருந்து வந்த ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1842 முதல் பரோசாவில் குடியேறினார்கள். 1843ல் நட்ட ஷிராஸ் கொடிகள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் காய்க்கின்றன. கொடிகளுக்கு வயதுவாரியாகப் பட்டமே கொடுத்திருக்கிறார்கள். 35 வயதைக் கடந்தால் 'பழையது', 70 கடந்தால் 'தப்பிப் பிழைத்தது', 100 கடந்தால் 'நூற்றாண்டு கண்டது', 125 கடந்தால் 'மூதாதை'. எனக்கு என்ன பட்டம் என்று பேரன் கேட்டான். இன்னும் 'பழையது' வகுப்புதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுருளிப்பட்டிக்காரனுக்குப் பதில்: இங்கே பந்தலே கிடையாது. பழைய கொடிகள் இடுப்பளவு உயரத்தில், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரித் தடித்த அடிமரத்தோடு, தனித்தனிக் குட்டி மரங்களாக நிற்கின்றன. புதிய தோட்டங்களில் வேலிக்கம்பி போலக் கம்பி இழுத்து அதில் கொடியை ஏற்றுகிறார்கள். கவாத்து வருஷத்துக்கு ஒரு முறை, குளிர்காலத்தில். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். இலையெல்லாம் உதிர்ந்து கொடி தூங்கிவிடும். செப்டம்பரில் துளிர்த்து, நவம்பரில் பூத்து, ஜனவரியில் காய் நிறம் மாறி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குளிர் இல்லை, கொடிக்குத் தூக்கமும் இல்லை. நாம் கவாத்து பண்ணித்தான் அதைக் காய்ப்புக்குத் திருப்புகிறோம். அதனால்தான் நமக்கு வருஷம் முழுக்கப் பழம். இதைச் சொன்னபோது பெரியவர் நம்பவில்லை. போனில் உன் தோட்டத்து போட்டோவைக் காட்டினேன். கல்தூண் பந்தலுக்குக் கீழே பன்னீர்த் திராட்சை தொங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டார். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகத்தைத்தான் நாம் பன்னீர்த் திராட்சை என்கிறோம். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

பேச்சு மருந்தடிப்புக்குப் போனதும் இருவருக்கும் ஒரு பொதுச்சொல் கிடைத்தது: போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நம் ஊரில் அடிக்கிறோமே, அதன் பெயரே பிரான்சின் ஒயின் ஊரான போர்டோவிலிருந்து வந்ததுதான். அங்கே சாலையோரத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க நீலமாக இந்தக் கலவையைத் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, சோதித்துப் பார்த்து, 1885ல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சைக்கு மருந்தானது.

இனி அறுவடை. பழம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். இரண்டும் சரியாக அமையும் நாளைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் வெயில் கூடுதலாக அடித்தால் அந்த நாள் தவறிவிடும். சாற்றைப் பிழிந்து போமே என்ற அளவில் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். நம் லேபில் கண்ணாடிக் குழாய் மிதக்குமே, அதே ஹைட்ரோமீட்டர் கணக்குதான். ஒரு போமே சர்க்கரை ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். 14 போமே என்றால் சுமார் 14 சதவீத ஒயின். இத்தனைக்கும் பிறகு பெரியவர் ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்த்தார். விதை பழுப்பேறி நொறுங்க வேண்டுமாம். பச்சையாக இருந்தால் துவர்க்கும். எனக்கும் ஒன்று கொடுத்தார். கடுகளவுக்கு ஒரு படி மேலான சின்னப் பழம், தடித்த தோல், வாயெல்லாம் விதை, தேன் மாதிரி இனிப்பு.

இயந்திர அறுவடையை நடுராத்திரியில் செய்கிறார்கள். குளிர்ந்த பழம்தான் சீக்கிரம் கெடாமல், தானாக நொதிக்கத் தொடங்காமல் ஆலை போய்ச் சேரும். பழைய கொடிகளில் மட்டும் ஆட்கள் கையால் வெட்டுகிறார்கள். குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். நம் நாற்று நடவுப் பெண்களின் இடுப்பு நினைவுக்கு வந்தது.

பழம் ஆலைக்கு வந்ததும் காம்பை நீக்கி நசுக்குகிறார்கள். இங்கே ஒரு ஆச்சரியம். கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றதுதான். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்து நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயின். வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். நசுக்கியதும் துளி அளவு சல்பர் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். தீக்குச்சி உரசிய நெடி வந்ததும் நான் பெயரைச் சொல்லிவிட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் எல்லாவற்றையும் முழுசாக விளக்க ஆரம்பித்தார்.

பிறகு வேலையெல்லாம் ஈஸ்டுடையது. 180 கிராம் குளுக்கோஸ், 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடுமாகப் பிரிகிறது. உங்களில் பலரும் பரீட்சையில் சமன் செய்யாமல் விட்ட சமன்பாடு. 14 சதவீதமுள்ள ஒரு 750 மி.லி. பாட்டிலுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 160 கிராம் சர்க்கரை கரைந்து, 40 லிட்டருக்கு மேல் வாயு வெளியேறியிருக்கும். ஒரே ஒரு பாட்டிலுக்கு! தொட்டி தானாகவே சூடாகிறது. வாயு தோல்களை மேலே தள்ளி, கனமான ஒரு மூடி போல நிற்க வைக்கிறது. அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும், அல்லது கீழிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்ற வேண்டும். இல்லையென்றால் நிறமும் இறங்காது, சூடும் ஓரிடத்தில் தங்கிவிடும். சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? தூரத்தில் மழை பெய்வது போல ஒரு சலசலப்பு. அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனசே இல்லை.

தொட்டிக்குள் எட்டிப் பார்க்க மட்டும் விடவில்லை. காற்றைவிடக் கனமான அந்த வாயு தொட்டிக்குள்ளும் தரையோரத்திலும் தேங்கி நிற்கும். தெரியாமல் இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். சுவரில் வாயு அளவு காட்டும் கருவி இருக்கிறது. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதுவும் இதே வேதியியல்தான்.

ஒரு வாரம், பத்து நாளில் சர்க்கரை தீர்ந்துவிடும். பிழிந்து தோலைப் பிரிக்கிறார்கள். அதன்பின் பாக்டீரியாவின் முறை. பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் சாதுவான லாக்டிக் அமிலமாக அது மாற்றிவிடுகிறது. திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக். நம் புளியில் இருப்பதும் அதுவே. பீப்பாயின் உள்பக்கம் அது உப்பாகப் படிகிறது. அந்த அமிலத்தின் ஒரு உப்பைத்தான் 1848ல் லூயி பாஸ்டர் என்ற 25 வயது இளைஞர் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும் இருவகைப் படிகங்களை இடுக்கியால் தனித்தனியே பொறுக்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் 'சுழிமாய்க் கலவை' என்று மனப்பாடம் செய்தீர்களே, அதன் ஆங்கிலப் பெயரான ரசிமிக் என்பது திராட்சைக் குலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பாடம் முழுவதும் ஒயின் பீப்பாயின் அடியிலிருந்து வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சாற்றை அப்படியே விட்டுவிட்டால் அது ஒயினாகும். அதையும் விட்டுவிட்டால் காற்றுப் பட்டு, பாக்டீரியா சேர்ந்து, அசிட்டிக் அமிலமாகும், அதாவது காடியாகும். ஒயின் என்பது சாறு காடியாகப் போகும் வழியில் ஒரு நிறுத்தம். நொதிக்க வைக்க மனிதன் தேவையில்லை. சரியான இடத்தில் நிறுத்தத்தான் இத்தனை வேலையும். 1860களில் பிரான்சின் ஒயின் கெட்டுப்போவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று கண்டுபிடித்து, இதமாகச் சூடாக்கி அதைத் தடுக்கலாம் என்றார் அதே பாஸ்டர். பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்று படிக்கிறோமே, அது முதலில் ஒயினுக்காக வந்தது. பரோசாவில் 1935ல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த ரே பெக்வித் என்ற வேதியியலாளர், பி.ஹெச். மதிப்பைக் குறைவாக வைத்தால் கெடுக்கும் பாக்டீரியா வளராது என்று காட்டினார். அதுவரை தொட்டி தொட்டியாக வீணாகிக்கொண்டிருந்தது. நூறு வயது வாழ்ந்த மனிதர். பி.ஹெச். எதற்கு டீச்சர் படிக்கணும் என்று கேட்டவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஓக் பீப்பாய். நெருப்பில் வளைத்து, உள்பக்கம் வாட்டிய மரம். 225 லிட்டர், 300 லிட்டர் என்று அளவுகள். மரத்தின் வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும், ஒயின் கொஞ்சம் ஆவியாகும். இடைவெளி விழாமல் மேலே நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். கடைசியில் தெளிய வைக்கச் சிலர் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அது துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, மூடினால் முடிந்தது. கார்க்கு எல்லாம் சினிமாவில்தான். இங்கே பெரும்பாலும் திருகு மூடி.

மேஜைக்கு வருவோம். ருசி பார்க்கும் அறையில் எனக்குப் பிடித்த காட்சி, எல்லாரும் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு ஒரு வாளியில் துப்பியதுதான். பெரியவரும் துப்பினார். நாளுக்கு முப்பது பீப்பாய் ருசி பார்க்கிறவர் விழுங்கினால் வேலை நடக்குமா? நான் மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். மிளகு வாசனை வந்தது, நிஜமாகவே. ஷிராஸ் திராட்சையிலும் மிளகிலும் ஒரே வாசனைப் பொருள் இருக்கிறதாம். ரொட்டண்டோன் என்று பெயர்.

ஏன் குடித்துப் பார்க்கவில்லை என்று சொந்தங்கள் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு என் அண்ணனைத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். லாரி ஆபீஸில் கணக்கு எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நன்றாகப் பாடுவார். கல்லீரல் கெட்டு 46 வயதில் போய்ச் சேர்ந்தார். மதினி தையல் மிஷினை மிதித்து இரண்டு பெண்களையும் கரையேற்றினார். கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து எத்தனால் தயாரிக்கும் பாடம் வரும்போது என் குரல் மாறும் என்று நீங்கள் பின்பெஞ்சில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். சனிக்கிழமை அப்பா கூலி வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் திங்கட்கிழமை எப்படி வந்து உட்கார்ந்தீர்கள் என்பதையும் பார்த்தவள் நான்.

அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். 1843 கொடியில் விளைந்தாலும், கழிவுப் பாகில் காய்ச்சினாலும், எத்தனால் மூலக்கூறு ஒன்றுதான். கல்லீரலுக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது. இங்கே ஒவ்வொரு பாட்டிலிலும் அதற்குள் எத்தனை 'அளவு' மது இருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஓர் அளவு என்றால் 10 கிராம் ஆல்கஹால். மேலே சொன்ன பாட்டிலில் எட்டுக்கு மேல் வருகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. சாறு கெடாமல் நிறுத்த ஒரு வருஷம் இத்தனை பேர் காவல் நிற்கிறார்கள். குடிக்கிறவனை நிறுத்தக் கடை வாசலில் யாரும் நிற்பதில்லை. அண்ணனுக்கு யாரும் நிற்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தத் தொட்டியின் சலசலப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை நான் மறைக்கப் போவதில்லை.

கடைசியாக விவசாயி விஷயம். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பழம் போதும். பழத்துக்கு விலை வைப்பது யார் என்று சுருளிப்பட்டிக்காரன் கேட்கச் சொன்னான். மகள் மொழிபெயர்த்தாள். பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, "வாங்குகிறவர்தான்" என்றார். 2021ல் சீனா ஆஸ்திரேலிய ஒயினுக்கு 218 சதவீதம் வரை வரி போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் மூடிய மாதிரி ஆனது. 2024 மார்ச்சில் வரியை எடுத்தார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் தொட்டிகளில் சிவப்பு ஒயின் தேங்கிவிட்டது. ரிவர்லேண்ட் பகுதியில் விலை கட்டுப்படியாகாமல் கொடியையே பிடுங்கியவர்கள் உண்டு. அறுவடை நேரத்து மழையில் பழம் வெடித்து, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டும் நம் ஆட்களை அவருக்குச் சொன்னேன். அவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு அடுத்த மாதம் வருகிறேன். பாட்டில் கொண்டுவர மாட்டேன், கொழுந்தனார் மன்னிக்கவும். கொடிக்குச்சி கேட்டவனும் ஆசைப்படாதே. ஒரு குச்சியோடு ஒரு பூச்சி போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வீட்டுப்பாடம்: 225 லிட்டர் பீப்பாய் ஒன்றின் ஒயின் நொதித்தபோது எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கும்? ஒரு மோல் 24.5 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் படிப்படியாகக் கமெண்டில் போடுங்கள். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்